வலப்பக்கச் சுக்கானும் சைபீரிய நெடுஞ்சாலையும்

விளாடிவொஸ்டொக் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவன ரஷ்யாவின் பசுபிக் கடற்படையும் சைபீரிய ரயில் பாதையின் கடைசி நிலையமுந்தான். மொஸ்கோவிலிருந்து ரயிலில் 9,288 கிலோமீற்றர். சோவியத் ஆட்சிக் காலத்தில் கடற்படைத் தளம் என்ற காரணத்தால் வெளிநாட்டவருக்கு இந்நகரின் கதவு பல தசாப்தங்களாக மூடப்பட்டிருந்தது. 1992 ஜனவரி முதலாம் திகதி அந்தத் தடை நீங்கியது. வெளிநாட்டு மூலதனம் வந்து குவியப் போகிறது என்று அப்போது பலரும் எதிர்பார்த்தார்கள். வந்து குவிந்தவையோ ஜப்பானியர் ஓட்டிக் கழித்த பழைய கார்கள்!

உண்மையில் அவை அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வரத் தொடங்கியிருந்தன. எண்பதுகளின் பிற்பகுதியில் ஜப்பானியத் துறைமுகங்களுக்குச் சென்று திரும்பிய சோவியத் மாலுமிகள், கப்பலின் மேற்தளத்தில் ஆளுக்கொரு பழைய டொயோட்டாவையோ நிஸானையோ கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்கள். கார் வாங்கப் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நாடு அது. காத்திருந்தாலும் கிடைப்பது, இத்தாலியின் ஃபியற் நிறுவனத்தின் உதவியோடு 1970ஆம் ஆண்டு முதல் தொலியாற்றி நகரில் தயாரிக்கப்பட்டு வந்த ஷிகுலிதான். அப்படிப்பட்ட மக்களின் கண்முன்னே, கியரை மாற்றத் தேவையில்லாத, குளிரூட்டி பூட்டிய, அதைவிட முக்கியமாக உள்ளே வெப்பமூட்டி ஒழுங்காக வேலை செய்கின்ற கார் ஒன்று வந்து நின்றால் என்ன நடக்கும்? பத்து வருடம் ஓடிய ஜப்பானியக் கார் புத்தம் புதிய ஷிகுலியை விட மேலானது என்ற முடிவுக்கு ரஷ்யத் தூர கிழக்கின் மக்கள் மிக விரைவாக வந்துவிட்டனர்.

ஜப்பானியர்கள் நல்ல கார்களை ஏன் இவ்வளவு மலிவாக விற்கிறார்கள் என்பது நமது நாட்டிலும் ரீகண்டிஷன் கார் வாங்கிய எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கக் கூடிய கேள்வி. அங்கே ‘ஷாக்கென்’ எனப்படும் கட்டாயப் பரிசோதனை ஒன்று உண்டு. புதிய காருக்கு முதலாவது பரிசோதனை மூன்று ஆண்டுகளின் பின்னர். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை. பரிசோதனைச் செலவு, அதனுடன் சேர்த்துக் கட்ட வேண்டிய வரி, காப்புறுதி, கார் பழசாகப் பழசாக மாற்ற வேண்டிய உதிரிப்பாகங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் ஜப்பானியக் குடும்பஸ்தர், இதை விற்றுவிட்டு வேறொன்றை வாங்கலாம் என்று முடிவு கட்டிவிடுகிறார். கொழும்புக்கு வந்த கார்களும் விளாடிவொஸ்டொக்குக்குப் போன கார்களும் இந்த ஒரே ஊற்றிலிருந்து பெருகியவைதான். நீகாட்டா, தொயாமா, ஒட்டாரு போன்ற துறைமுகங்கள் ரஷ்யாவுக்கான வாசல்களாயின. தொயாமாப் பகுதியில் இந்த வியாபாரத்தை நடத்தியவர்களில் கணிசமானோர் பாகிஸ்தானியர் என்பது உபரித் தகவல்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாம் ஜப்பானியரைப் போலவே வீதியின் இடதுபக்கமாக வாகனம் ஓட்டுகிறவர்கள். ஆகவே வலப்பக்கத்தில் சுக்கான் உள்ள ஜப்பானியக் கார் நமக்குப் பொருந்திவிடுகிறது. ரஷ்யர்களோ வீதியின் வலதுபக்கமாகச் செல்பவர்கள். அவர்களுடைய வீதியில் அந்தக் காரின் சாரதி நடுக்கோட்டின் அருகில் அமராமல் வீதியோரத்தில் அமர்ந்திருக்கிறார். முன்னே போகும் லொறியை முந்த வேண்டுமானால், எதிரே என்ன வருகிறது என்று பார்ப்பதற்குக் காரின் பாதியை எதிர்த்தடத்தில் நீட்ட வேண்டும். இடதுபக்கத்தில் குந்தியிருக்கும் பயணி, “போகலாம்” என்று சொன்னால்தான் உண்டு. அவர் தூங்கிவிட்டால் சாரதியின் பாடு தெய்வாதீனம். முன்விளக்குகளும் அப்படித்தான். இடதுபக்கப் போக்குவரத்துக்காக வடிவமைக்கப்பட்ட விளக்கு, வலதுபக்கமாகச் செல்லும் போது எதிரே வருபவரின் கண்ணுக்கு நேரே வெளிச்சத்தை வீசும். போதாக்குறைக்கு ஜப்பானிய வானொலிப் பெட்டியின் பண்பலை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90 இல் முடிந்துவிடும்; மற்ற நாடுகளின் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலேதான் ஒலிக்கின்றன. நெடுந்தூரத் தனிமையில் ஒரு பாட்டுக் கேட்கவும் வழியில்லை. இந்தக் கடைசிக் குறையை மட்டும் நம்மவர்களும் நன்கு அறிவார்கள்.

விளாடிவொஸ்டொக்கின் குன்றுகளின் மீது ‘ஸெல்யோனி ஊகல்’, அதாவது பச்சை மூலை, என்றொரு கார்ச் சந்தை எழுந்தது. மலைச்சரிவு முழுவதும் ஆயிரக்கணக்கில் கார்கள். சைபீரியாவின் நொவொசிபிர்ஸ்க், கிராஸ்நொயார்ஸ்க், இர்குட்ஸ்க் போன்ற நகரங்களிலிருந்து வாங்குவோர் ரயிலேறி வந்தார்கள். நொவொசிபிர்ஸ்கிலிருந்து வருவதென்றால் நான்கு நாள் ரயில் பயணம். வங்கிகளை எவரும் நம்பாத தொண்ணூறுகளில் காருக்கான பணம் முழுவதையும் நோட்டாகவே மடியில் கட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அந்த நான்கு நாளும் தூக்கம் ஏது? வாங்குகிறவர் சந்தையில் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். எண்ணெய்க் கம்பியை உருவி முகர்வார். கதவு மூலைகளில் துரு இருக்கிறதா என்று தடவுவார். பின்னர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, தற்காலிக இலக்கத்தகடாகப் பயன்படும் ஒரு தாளைக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டிக்கொண்டு புறப்படுவார். வீடு போய்ச் சேர ஏறத்தாழ 6,000 கிலோமீற்றர்! யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏழெட்டுத் தடவை போய் வந்தால்தான் அந்தத் தூரம் வரும்.

இப்படிக் காரை ஓட்டிச் செல்வதை ரஷ்யர்கள் ‘பெரெகோன்’ என்றார்கள். கால்நடைகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓட்டிச் செல்வதற்கு வழங்கும் அதே சொல். நமது ஊர் வழக்கில் மாடு சாய்த்துக்கொண்டு போவது என்பது இதற்கு நல்ல ஈடு. தானே ஓட்டிப் போகப் பயந்தவர்களுக்காக, கூலிக்குக் கார் சாய்க்கும் தொழிலாளர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. ஓட்டிச் சென்று ஒப்படைப்பார்கள். ரயிலில் திரும்பி வருவார்கள். அடுத்த காரை எடுத்துக்கொண்டு மீண்டும் கிளம்புவார்கள். வேலையிழந்த மாலுமி, சம்பளம் கிடைக்காத ஆசிரியர், படையிலிருந்து விலகியவர் என்று பலதரப்பட்டவர்களும் இத்தொழிலுக்கு வந்து சேர்ந்தனர். அந்தத் தசாப்தத்தில் தூர கிழக்கில் ஆலைகள் மூடப்பட்டன, கடற்படைக் கப்பல்கள் துறைமுகத்தில் நின்றபடியே துருவேறின. அரசாங்கம் கைவிட்ட ஒரு மாகாணத்துக்குச் சோறு போட்டவை இந்தப் பழைய கார்கள் என்று சொன்னால் அதில் மிகையில்லை.

இங்கே வாசகர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 6,000 கிலோமீற்றர் என்று சொன்னேனே தவிர, வீதி இருந்தது என்று சொல்லவில்லை. சார் மன்னரின் காலத்தில், 1916இல், ரயில் பாதை முழுவதும் ரஷ்ய மண்ணிலேயே போட்டு முடிக்கப்பட்டது. ஆனால் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மோட்டார் வாகனத்தில் போக, இருபதாம் நூற்றாண்டு முடியும் வரை ஒரு முழுமையான பாதை கிடையாது. கபரொவ்ஸ்க்குக்கும் சீட்டாவுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்கு வீதியே இல்லாத இடைவெளி ஒன்று இருந்தது. சதுப்பு நிலம், நிரந்தர உறைமண், பாலமில்லாத ஆறுகள். விண்வெளிக்கு முதல் மனிதனை அனுப்பிய நாடு தன் சொந்த மண்ணின் இரண்டு பாதிகளையும் ஒரு தார் வீதியால் இணைக்காமல் இருந்தது விசித்திரந்தான்.

கார் சாய்ப்பவர்கள் இந்த இடைவெளியை எப்படிக் கடந்தார்கள்? பெரும்பாலானோர் காரைத் திறந்த ரயில் பெட்டியில் ஏற்றினார்கள். ஏற்றுவதற்குச் சில வேளை நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். நிலையத்தில் உள்ளவர்களுக்குக் கைக்கூலி கொடுக்க வேண்டும். ரயில் ஏதாவதொரு சிறு நிலையத்தில் நின்றால் கண்ணாடியை உடைத்து வானொலிப் பெட்டியைக் கழற்றுபவர்கள் ஏறிவிடுவார்கள் என்பதால், உரிமையாளர்கள் காருக்குள்ளேயே இருந்து காவல் காத்துக்கொண்டு போனார்கள். இன்னும் துணிந்தவர்கள் மாரிகாலம் வரும்வரை பொறுத்திருந்தார்கள். ஆறுகள் உறைந்த பின்னர் பனிக்கட்டியின் மேல் இறங்கி, ஆற்றையே வீதியாக்கி ஓட்டினார்கள். பனிக்கட்டி மெலிந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

1978இல் தொடங்கிய ‘அமூர்’ நெடுஞ்சாலையின் வேலை, பணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, ஒருவாறாக 2004 பெப்ரவரியில் ஜனாதிபதி புட்டினால் போக்குவரத்துக்குத் திறந்து வைக்கப்பட்டது. சீட்டாவிலிருந்து கபரொவ்ஸ்க் வரை 2,100 கிலோமீற்றருக்கு மேல். திறப்பு விழா நடந்ததே தவிர அதன் பெரும்பகுதியில் தார் கிடையாது, கூர்மையான உடைகல்தான். எதிரே வரும் லொறியின் சக்கரம் கிளப்பிவிடும் ஒரு கல், முன்கண்ணாடியைச் சிலந்தி வலை போல வெடிக்க வைத்துவிடும். எண்ணெய்த் தொட்டி ஓட்டையாகும். டயர்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிழியும். இரண்டு மேலதிக டயர் இல்லாமல் புறப்படுபவரை அனுபவசாலிகள் பைத்தியக்காரர் என்றார்கள்.

வாங்கியவருக்குக் கீறல் இல்லாமல் காரை ஒப்படைத்தால்தான் கூலி முழுதாகக் கிடைக்கும். ஆகவே ஓட்டிகள் காருக்குக் கவசம் பூட்டினார்கள். முன்புறம் முழுவதும் அட்டையை வைத்து ஒட்டுநாடாவால் சுற்றினார்கள். விளக்குகளுக்கு மேல் பிளாஸ்டிக் தகடு. சிலர் பழைய கம்பளத்தைக் கட்டினார்கள். பண்டேஜ் சுற்றிய நோயாளிகள் போல வரிசையாகக் கார்கள் மேற்கு நோக்கிப் போன காட்சியை அந்தக் காலத்துப் புகைப்படங்களில் இன்றும் காணலாம். ஆனால் அட்டையால் முகத்தை மூடிய காருக்குக் காற்றோட்டம் குறையும். கோடைகாலத்தில் என்ஜின் கொதித்து வழியில் நின்றுவிடும். ஒரு சங்கடத்துக்குக் கண்ட மருந்து மறு சங்கடத்துக்கு வித்தானது.

மாரிகாலம் வேறு கதை. உறைநிலைக்குக் கீழே 40 பாகை வரை குளிர் இறங்கும் பிரதேசம் அது. தெற்கு ஜப்பானில் ஓடிய கார் ஒன்றின் ரேடியேற்றரில் உள்ள திரவம் அந்தக் குளிருக்கு ஆனதன்று. அது உறைந்து பருத்தால் ரேடியேற்றர் மட்டுமல்ல, என்ஜின் கட்டையே பிளந்துவிடும். டீசல் கார் என்றால் எரிபொருள் மெழுகு போலக் கட்டியாகிக் குழாயை அடைக்கும். ஆகவே இரவில் என்ஜினை நிறுத்தாமலேயே உறங்குவார்கள். அதிலும் ஆபத்து: எரிபொருள் தீர்ந்தால் வெப்பம் போய்விடும், புகைக்குழாய் பனியில் புதைந்தால் நச்சுப்புகை உள்ளே வரும். எரிபொருள் நிலையங்களோ எங்கோ ஒன்று. ஆகவே எவரும் தனியாகப் போக விரும்பவில்லை. நான்கைந்து கார்கள் கூட்டாகச் சென்றன. ஒன்று நின்றால் மற்றவை நிற்கும். வழியில் நிற்பவரைக் கடந்து போகக்கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். எழுதப்பட்ட சட்டங்களை விட அதற்கே மதிப்பு அதிகம்.

எழுதப்பட்ட சட்டம் அங்கே எட்டிப் பார்த்ததும் அபூர்வந்தான். தொண்ணூறுகளில் பாதையின் பல இடங்களில் கப்பம் அறவிடும் கும்பல்கள் நின்றன. தற்காலிக இலக்கத் தாளையும் வலப்பக்கச் சுக்கானையும் கண்டவுடனேயே இது சந்தையிலிருந்து வரும் கார், இதில் வருபவரிடம் கையில் காசு உண்டு என்று தெரிந்துவிடும். கேட்டதைக் கொடுத்தவர் போனார். கொடாதவரின் கார் நொறுக்கப்பட்டது, பறிக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களும் உண்டு. இவர்களிடமிருந்து தப்பியவர்களைத் தூக்கம் பிடித்தது. ஓட்டிக்குக் கூலி பயணத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு; நாளுக்கு இவ்வளவு என்றல்ல. விரைவாகப் போனால் மாதத்தில் இன்னொரு கார் ஓட்டலாம். தூங்காமல் ஓட்டியவர்கள் பலர் வீதியோரப் பள்ளங்களில் முடிந்து போனார்கள். அவ்வாறு இறந்தவர்களுக்காக நட்ட கம்பங்களில் மலர்வளையத்தோடு காரின் சுக்கானையும் மாட்டி வைப்பது ரஷ்ய வழக்கம்.

இவ்வளவு பாடுபட்டு வீடு கொண்டு போன காரின் மேல் மொஸ்கோவின் கண் விழுந்தபோதுதான் இது அரசியலாக மாறியது. உள்நாட்டு மோட்டார்த் தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்பது அரசாங்கத்தின் கவலை. வலப்பக்கச் சுக்கான் விபத்துக்கு வழி வகுக்கிறது, தடை செய்ய வேண்டும் என்ற பேச்சு 2005இல் எழுந்தது. விபத்து அபாயம் பற்றிய வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. அதை மேலே நானே விவரித்திருக்கிறேன். ஆனால் அந்த வாதத்தை எழுப்பியவர்களின் நோக்கம் பாதுகாப்புத்தானா என்பதில் சைபீரிய மக்களுக்குச் சந்தேகம் இருந்தது. பல நகரங்களில் கார்களை வரிசையாக ஓட்டி, ஹோர்ன் அடித்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ‘தேர்வுச் சுதந்திரம்’ என்ற வாகனமோட்டிகள் இயக்கம் பிறந்தது அப்போதுதான். தடையும் கைவிடப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் திகதி, அல்தாய் பிரதேச ஆளுநரும் நாடறிந்த நகைச்சுவைக் கலைஞருமான மிகயீல் யெவ்தொகிமொவ், அதிவேகமாகச் சென்ற தமது மேர்சிடிஸ் காரில் விபத்துக்குள்ளாகி இறந்தார். அந்த மேர்சிடிஸ், திருப்பத்தில் இடதுபக்கம் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பழைய வலப்பக்கச் சுக்கான் டொயோட்டாவுடன் உரசிப் பாய்ந்திருந்தது. டொயோட்டாவை ஓட்டியவர் ஒரு சாதாரண ரயில்வே ஊழியர். 2006 பெப்ரவரியில் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நாடெங்கும் வாகனமோட்டிகள் கொதித்தெழுந்தார்கள். பெரிய மனிதரின் கார் வந்தால் சிறிய மனிதன் பள்ளத்தில் விழ வேண்டுமா என்பதே கேள்வியாயிற்று. அடுத்த மாதமே மேல்நீதிமன்றம் அவரை விடுவித்தது. ரஷ்யாவில் அக்காலத்தில் வீதி ஆர்ப்பாட்டம் ஒன்று நீதிமன்றத் தீர்ப்பை அசைத்தது என்று நினைத்துப் பார்க்கக்கூடிய அபூர்வ நிகழ்வு அது.

2008இல் நிலைமை அப்படி இருக்கவில்லை. உலகப் பொருளாதார நெருக்கடி மூண்டிருந்தது. பிரதமராக இருந்த புட்டினின் அரசாங்கம், 2009 ஜனவரி முதல் வெளிநாட்டுக் கார்களுக்கான இறக்குமதித் தீர்வையை உயர்த்துவதாக அறிவித்தது. பழைய காருக்குத்தான் அடி பலம். டிசெம்பர் மாதத்தில் விளாடிவொஸ்டொக் மக்கள் வீதியில் இறங்கினார்கள். உள்ளூர்ப் பொலிஸார் தம் அயலவர்கள் மீது கைவைக்கத் தயங்குவார்கள் என்று கருதப்பட்டதோ என்னவோ, கலகமடக்கும் படையணி ஒன்று மொஸ்கோப் பகுதியிலிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்டது. டிசெம்பர் 21ஆம் திகதி நகரின் மத்திய சதுக்கத்தில் கூடி நின்றவர்களை அப்படையினர் அடித்து இழுத்துச் சென்றனர். செய்தி சேகரிக்கப் போன ஊடகவியலாளர்களும் தப்பவில்லை. அவர்களில் வெளிநாட்டு நிறுவனங்களுக்காக வேலை செய்தவர்களும் அடங்குவர். பழைய கார் ஒன்றை வாங்குவதும் விற்பதும் அரசத் துரோகத்துக்குச் சமமாக நடத்தப்பட்ட நாள் அது. ஆண்டுக்குப் பல இலட்சமாக இருந்த இறக்குமதி ஒரே ஆண்டில் சில பத்தாயிரங்களாகச் சுருங்கியது. பச்சை மூலையின் சரிவுகள் வெறிச்சோடின.

தீர்வையிலிருந்து தப்புவதற்கு மக்கள் கண்ட வழி சாதுரியமானது, பயங்கரமானதும்கூட. முழுக் காருக்குத்தானே தீர்வை? உதிரிப்பாகத்துக்கு இல்லையே! கார்கள் ஜப்பானில் கழற்றப்பட்டும், சில வேளை நடுவில் அறுக்கப்பட்டும், உதிரிப்பாகங்களாக வந்து இறங்கின. இங்கே மீண்டும் பொருத்தி ஒட்டினார்கள். நடுவில் ஒட்டிய காரை மேலே சொன்ன வீதியில் 6,000 கிலோமீற்றர் ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

2010 ஆகஸ்ட் மாத இறுதியில், தார் போட்டு முடியும் தறுவாயில் இருந்த அமூர் நெடுஞ்சாலையில் புட்டின் தாமே கார் ஓட்டினார். கபரொவ்ஸ்கில் இருந்து சீட்டா வரை, மஞ்சள் நிற லாடா கலினாவில். உள்நாட்டுக் காரின் உறுதியையும் புதிய வீதியின் தரத்தையும் ஒருங்கே காட்டுவது ஏற்பாடு. கொமர்சான்ற் பத்திரிகையின் நிருபரைப் பக்கத்தில் இருத்திப் பேட்டியும் கொடுத்தார். ஆனால் வீதியோரம் நின்ற உள்ளூர்வாசிகள் எடுத்த காணொளி ஒன்று இணையத்தில் பரவியது. நீண்ட பரிவாரத்தின் நடுவே அதே நிறத்தில், அதே வகைக் கார் மேலும் இரண்டு. ஒன்று இழுவை லொறியின் முதுகில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர்களில், அந்தப் பாதையைக் கல்லும் சேறுமாக இருந்த காலத்தில் ஜப்பானியக் காரில் கடந்தவர்கள் எத்தனை பேரோ! விளாடிவொஸ்டொக் எழுத்தாளர் வசீலி அவ்சென்கோ இந்தக் காலம் முழுவதையும் ‘வலப்பக்கச் சுக்கான்’ என்ற நூலாக 2009இலேயே எழுதிவிட்டார். கலினா வருவதற்கு ஓராண்டு முந்திவிட்டது அவருக்கு நட்டந்தான்.

புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின்னர், 2011இல், துறைமுகத்தில் கதிர்வீச்சுமானியோடு கார்களைச் சோதித்துச் சிலவற்றை ஒதுக்க வேண்டி வந்தது. 2021 டிசெம்பரில் கடலில் சிக்கிய கப்பல் ஒன்று, தடித்த பனிக்கட்டிக்குள் புதைந்த கார்களோடு விளாடிவொஸ்டொக் வந்து சேர்ந்த படங்களை உலகப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. 2022இல் உக்ரேன் போர் தொடங்கி மேற்குலக நிறுவனங்கள் ரஷ்யாவை விட்டு வெளியேறியதும் பழைய ஜப்பானியக் காருக்கு மீண்டும் கிராக்கி ஏறியது. 2023 ஆகஸ்ட் 9ஆம் திகதி முதல் 1,900 கனசென்டிமீற்றருக்கு மேற்பட்ட என்ஜின் உள்ள கார்களையும், ஹைபிரிட், மின்சாரக் கார்களையும் ரஷ்யாவுக்கு ஏற்றுமதி செய்வதை ஜப்பான் தடை செய்தது. 2024 ஒக்டோபரில் ரஷ்யா தன் பக்கத்தில் மறுசுழற்சிக் கட்டணத்தை உயர்த்தியது. இரண்டு அரசாங்கங்களுக்கும் நடுவே நுழைந்து, சிறிய என்ஜின் கார்கள் தொடர்ந்தும் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன.

இன்று அவற்றில் பெரும்பாலானவை அமூர் நெடுஞ்சாலையில் தம் சொந்தச் சக்கரத்தில் ஓடுவதில்லை. ஒரே லொறியில் மேலும் கீழுமாக ஏழெட்டுக் கார்கள் ஏறி, கீறல் படாமல் நொவொசிபிர்ஸ்க் போய் இறங்குகின்றன. அட்டையும் ஒட்டுநாடாவும் தேவைப்படுவதில்லை.